கிமியா ரிப்போர்ட் வந்துவிட்டால் வழக்கு முடிந்ததா?

மலேசியாவில் பினாங்கு மாநிலத்துப் பிறை ஊரிலிருந்து எழுதியிருக்கும் தம்பிக்கு,

நீங்கள் கேட்டது இதுதான். மச்சான் ஓட்டிவந்த காரின் பூட்டில், அதாவது பின்பக்கச் சாமான் பெட்டியில், சியாபு என்னும் மெத்தம்பெட்டமின் போதைப்பொருள் கிடைத்ததாக 39பி என்ற கடத்தல் பிரிவில் குற்றம் சாட்டியிருக்கிறார்கள். கார் அவர் பெயரில் இல்லை. ஜாமீன் கிடையாது, உள்ளே இருக்கிறார். இப்போது கிமியா எனப்படும் அரசாங்க ரசாயனத் துறையின் ரிப்போர்ட் வந்து, எடை 50 கிராமைத் தாண்டிவிட்டது. "ரிப்போர்ட்டே வந்தாச்சு, சயின்ஸ் பொய் சொல்லாது, இனி வக்கீலுக்குக் கொட்டுவதெல்லாம் தண்டம்" என்று சொந்தக்காரர்கள் கையை விரிக்கிறார்கள். தடயவியல் என்றால் அவ்வளவு உறுதியா என்கிறீர்கள்.

தண்டம் இல்லை, தம்பி. ஆனால் கெமிஸ்ட் எங்கேயாவது கோட்டை விட்டிருப்பார் என்ற நம்பிக்கையில் மட்டும் வழக்கை நடத்தினால் அநேகமாகத் தோற்பீர்கள். பினாங்கிலும் கோலாலம்பூரிலும் குற்றவியல் வழக்குகளில் நின்று பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: லேப்பில் கேட்ட கேள்விக்குப் பெரும்பாலும் சரியான பதில்தான் வருகிறது. கேட்ட கேள்வி ரொம்பச் சின்னது, அவ்வளவுதான். அந்தச் சின்னப் பதிலைத் தூக்கிக்கொண்டு போய்ப் பெரிய கேள்விக்கெல்லாம் விடை கிடைத்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம்.

மச்சானின் ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். இன்ன தேதியில் இன்ன அதிகாரி முத்திரையிட்ட உறை ஒன்றைக் கொண்டுவந்தார், உள்ளே இத்தனை பாக்கெட் இருந்தன, அவற்றில் இருந்த பளிங்கு போன்ற பொருளின் நிகர எடை இவ்வளவு, அதில் மெத்தம்பெட்டமின் இவ்வளவு. இதற்கு மேல் ஒரு வரி இருக்காது. சரக்கு யாருடையது, பூட்டில் வைத்தவர் யார், வண்டியை ஓட்டியவருக்குத் தெரியுமா என்பதெல்லாம் கெமிஸ்டுக்குத் தெரிய வழியே இல்லை. பவுன் கடைக்காரர் சங்கிலியை உரசிப் பார்த்து 22 காரட் என்பார். அது யார் கழுத்தில் கிடந்தது என்று அவரிடம் கேட்டால் என்ன சொல்வார்?

அந்த இடைவெளியை நிரப்புவது சட்டம். 1952-ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 37(டி) பிரிவுப்படி, போதைப்பொருள் இருக்கும் எந்தப் பொருளும் உங்கள் கட்டுப்பாட்டில் இருந்தால், நீங்கள் மாறாக நிரூபிக்கும்வரை, அதை நீங்கள் தெரிந்தே வைத்திருந்ததாக நீதிமன்றம் அனுமானிக்கும். 37(டிஏ) இன்னொரு படி: சியாபு 50 கிராம், ஹெராயின் 15 கிராம், கஞ்சா 200 கிராம் என்ற அளவை எட்டினால் கடத்தல் என்றே அனுமானம். முன்பெல்லாம் ஓர் அனுமானத்தின் தோளில் இன்னோர் அனுமானத்தை ஏற்றி ஆளைத் தூக்குக்கு அனுப்ப முடிந்தது. அதற்கு வழிவிட்ட 37ஏ பிரிவு அரசியலமைப்புக்கு விரோதமானது என்று 2019-இல் நாட்டின் மிக உயர்ந்த மன்றமான கூட்டரசு நீதிமன்றம் தள்ளிவிட்டது. 2023 ஜூலை 4 முதல் கட்டாயத் தூக்கும் இல்லை. தூக்கா ஆயுளா என்பது நீதிபதியின் கையில். ஆக ரிப்போர்ட்டில் உள்ள எடை, மச்சான் எந்தப் படியில் நிற்கிறார் என்பதை மட்டும்தான் காட்டுகிறது. தெரிந்து வைத்திருந்தாரா என்ற பெரிய கேள்வி அப்படியே கிடக்கிறது. அதற்கான பதில் கார்ச் சொந்தக்காரரிடமும், சாவி யார் யார் கையில் புழங்கியது என்பதிலும், பிடிபட்டபோது மச்சான் என்ன செய்தார், என்ன சொன்னார் என்பதிலும்தான் இருக்கிறது.

எடையைப் பற்றி ஒன்று. மொத்த எடை, நிகர எடை, தூய எடை என்று மூன்று எண்கள் புழங்கும். பாலாயில் (போலீஸ் நிலையத்தில்) பிளாஸ்டிக்கோடு சேர்த்து நிறுத்தது மொத்தம். லேப்பில் பையைக் கழித்து நிறுத்தது நிகரம். அதற்குள் உண்மையில் எவ்வளவு மெத்தம்பெட்டமின் என்று கணித்தது தூய எடை. சொந்தக்காரர்கள் சொல்லும் அந்த "50-ஐத் தாண்டிவிட்டது" இதில் எது என்று முதலில் பாருங்கள். பாக்கெட் நிறைய இருந்து, சிலவற்றிலிருந்து மட்டும் மாதிரி எடுத்து மொத்தத்துக்கும் கணக்குப் போட்டிருந்தால், எதை வைத்துத் தேர்ந்தெடுத்தார், எவ்வளவு எடுத்தார் என்று கேட்க வக்கீலுக்கு உரிமை உண்டு. எண் 52, 53 என்று விளிம்பில் நின்றால் இந்தக் கேள்வி உயிர் காக்கும். அரை கிலோ என்றால் இதில் நேரத்தைப் போக்க வேண்டாம், நீதிபதிக்கும் சலிப்புத் தட்டும்.

இனி, என் அனுபவத்தில் வழக்குகள் உண்மையிலேயே ஆட்டம் காணும் இடத்துக்கு வருகிறேன். அது லேப்புக்கு வெளியே இருக்கிறது.

ராத்திரி நடுரோட்டில் சோதனை. ரெய்டு ஆபீசர் பூட்டைத் திறந்து பையை வெளியே எடுக்கிறார். பாக்கெட்டுகளில் அங்கேயே குறி போட்டாரா, பாலாய் மேசையில் பரப்பிவைத்த பிறகு போட்டாரா? சோதனைப் பட்டியல் எந்த இடத்தில் நிரப்பப்பட்டது, அதில் மச்சானின் கையெழுத்து உண்டா? அங்கிருந்து ஐஓ என்னும் விசாரணை அதிகாரி கைக்கு மாறும்போது ஒப்படைப்புப் படிவம் ஒன்று உண்டு, அதில் தேதியும் நேரமும் இருக்க வேண்டும். ஐஓ அதைத் தன் அலமாரியில் பூட்டிவைப்பார். அந்தச் சாவி வேறு யாரிடமாவது இருந்ததா? பிறகு உறையில் போட்டு, போலீஸ் முத்திரை வைத்து, போல் 31 படிவத்தோடு கிமியாவுக்குப் போகும். பினாங்கில் கிளை இருக்கிறது, தலைமையகம் பெட்டாலிங் ஜெயா ஜாலான் சுல்தானில். அங்கே வாங்கிக்கொண்டவர் தனியாக ரசீது கொடுத்து லேப் எண் போடுவார்.

இத்தனை கை மாறும்போதும் காகிதம் பேச வேண்டும். போலீஸ் புகாரில் 7 பாக்கெட், கெமிஸ்ட் திறந்தபோது 8 என்றால் விளக்கம் வேண்டும். புகாரில் தூள், ரிப்போர்ட்டில் கட்டி என்றால் விளக்கம் வேண்டும். பாலாய் எடை கூடுதலாகவும் லேப் எடை குறைவாகவும் இருந்தால் பிளாஸ்டிக்கின் எடை என்று சொல்லி நீதிமன்றம் கடந்துபோய்விடும், நியாயமும் அதுதான். தலைகீழாக, லேப்பில் எடை ஏறியிருந்தால் அவ்வளவு சுலபமாகக் கடக்க முடியாது. இதில் சட்டத்தின் நிலை ரொம்ப நாளாகவே ஒன்றுதான். பிடித்த பொருளும் சோதித்த பொருளும் ஒன்றா என்ற சந்தேகம் எழாதவரை, ஒவ்வொரு கையாக அரசு தரப்பு சாட்சி கொண்டுவர வேண்டியதில்லை. சந்தேகம் எழுந்துவிட்டால், விடுபட்ட ஒரு கண்ணிகூட வழக்கைக் கவிழ்க்கும். 1985-இல் அப்துல்லா ஸவாவி வழக்கில் உச்ச நீதிமன்றம் (இன்றைய கூட்டரசு நீதிமன்றத்தின் அன்றைய பெயர்) சொன்னது இதைத்தான். ஆகவே "ஒரு படிவத்தில் நேரம் விட்டுப்போச்சு, வழக்கு காலி" என்று காப்பிக் கடையில் சொல்வதை நம்பாதீர்கள். அடையாளத்தையே சந்தேகிக்க வைக்கும் ஓட்டையாக அது இருக்க வேண்டும்.

கெமிஸ்டை என்ன கேட்கலாம் என்றால், அதற்கு ஒரு தடுப்பு உண்டு. 1987 முனுசாமி வழக்கில் உச்ச நீதிமன்றம், இது இன்ன பொருள் என்று மட்டும் கெமிஸ்ட் சொல்லும்போது, நம்பவே முடியாததாக இருந்தாலோ எதிர்த்தரப்பு வேறு நிபுணரைக் கொண்டுவந்து மறுத்தாலோ ஒழிய, அதை அப்படியே ஏற்றுக்கொள்ளலாம் என்றது. லேப்பில் என்னென்ன செய்தார் என்று படிப்படியாக ஒப்பிக்க வேண்டியதும் இல்லை. அரசு தரப்பு இதை எல்லா வழக்கிலும் எடுத்து வீசும். என் கருத்தில் அந்தத் தீர்ப்பு அதன் சொற்கள் போகும் தூரத்துக்கு மேல் இழுக்கப்படுகிறது. ஒரு பொருள் சியாபுவா உப்பா என்று சொல்வதற்கு அது பொருந்தும். டிஎன்ஏ கலவையைப் பிரித்துப் படிப்பதற்கும் கையெழுத்தை ஒப்பிடுவதற்கும் அதே சலுகையைக் கொடுப்பது சரியில்லை. அங்கே நிபுணரின் அபிப்பிராயம் பாதி, கருவி பாதி.

சலுகை கொடுப்பதில் ஆபத்து இருக்கிறதா என்றால், அமெரிக்காவின் மாசசூசெட்ஸைப் பாருங்கள். அங்கே அரசு லேப்பில் இருந்த ஒரு கெமிஸ்ட், பல மாதிரிகளைச் சோதிக்காமலே கண்ணால் பார்த்துவிட்டுப் "போதைப்பொருள்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவந்தது 2012-இல் அம்பலமானது. மற்றவர்களைவிடப் பல மடங்கு வேகமாக வேலை முடிக்கிறார் என்று அதற்கு முன்பு அவருக்குப் பாராட்டு. 2017-இல் அவர் கைபட்ட 21,000-க்கும் மேற்பட்ட வழக்குகளைத் தள்ளுபடி செய்ய வேண்டியதாயிற்று. நம்மூரில் அப்படி நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. படிப்படியாகக் கேட்கக் கூடாது என்ற பழக்கம் வேரூன்றிவிட்டால், நடந்தாலும் தெரியாது என்கிறேன்.

டிஎன்ஏ பற்றியும் கேட்டிருந்தீர்கள். பையில் மச்சானின் டிஎன்ஏ இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லலாமா என்று. ஆழம் தெரிந்துதான் காலை விட வேண்டும். தடயவியல் முறைகளில் விஞ்ஞான அடித்தளம் மிக உறுதியானது டிஎன்ஏதான். 2009-இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் அறிக்கை, இன்ன தடயம் இன்ன ஆளுடையது என்று நம்பகமாகச் சொல்லும் அளவுக்கு நிரூபணமான முறை அது ஒன்றுதான் என்று கிட்டத்தட்ட மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கியது. ஆனால் அது சொல்வதும் "இவருடைய செல்கள் இங்கே இருந்தன" என்பது வரைக்கும்தான். எப்போது வந்தன, எப்படி வந்தன என்று சொல்லாது. கலிபோர்னியாவில் 2012-இல் கொலையுண்ட ஒருவரின் நகத்தடியில் இன்னொருவரின் டிஎன்ஏ கிடைத்து, அவரை மாதக் கணக்கில் சிறையில் வைத்தார்கள். கொலை நடந்த நேரத்தில் அவர் அளவுக்கு மீறிக் குடித்து ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தார் என்று பிறகு தெரிந்தது. அன்று மாலை அவரைத் தூக்கிவந்த அதே ஆம்புலன்ஸ்காரர்கள்தான் சில மணி நேரம் கழித்துக் கொலை நடந்த வீட்டுக்கும் போயிருந்தார்கள். லேப் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தவறில்லை.

மச்சான் ஓட்டிய காரின் பூட்டில் மச்சானின் டிஎன்ஏ இருந்தால் அதில் என்ன அதிசயம்? ஒருநாள் அந்த பூட்டில் சந்தைச் சாமான் வைத்திருந்தால் போதும். அதனால் நீங்களாகப் போய் அதைக் கிளற வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். உள்பாக்கெட்டில் வேறு யாருடையதோ இருக்கிறது என்று ஏற்கெனவே சோதனை முடிவு இருந்தால் அது வேறு கதை, கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எண்களிலும் ஒரு வழுக்கல் உண்டு. "இந்த அமைப்பு 10 லட்சம் பேரில் ஒருவருக்குத்தான் இருக்கும்" என்று நிபுணர் சொல்வார். கேட்பவர் காதில் "இவர் நிரபராதியாக இருக்க 10 லட்சத்தில் ஒரு வாய்ப்புதான்" என்று விழும். மலேசியாவில் சுமார் 3 கோடியே 40 லட்சம் பேர். 10 லட்சத்தில் ஒருவர் என்றால் நாட்டில் 34 பேருக்கு அந்த அமைப்பு இருக்கலாம். முழுமையான டிஎன்ஏ என்றால் இதைவிடப் பல மடங்கு அரிதான எண்கள் வரும், அங்கே இந்தப் பிரச்சினை இல்லை. சிதைந்த மாதிரி, இரண்டு மூன்று பேருடையது கலந்த மாதிரி என்று வரும்போதுதான் கவனம் வேண்டும். இன்னொன்று: அந்தக் கணக்கெல்லாம் சம்பந்தமில்லாத ஆட்களை வைத்துப் போட்டது. அண்ணன் தம்பிக்குள் பொதுவாக இருப்பது அதிகம். நம்மவர்கள் போல அத்தை மகள், அக்காள் மகள் என்று உறவுக்குள்ளேயே கட்டிவந்த குடும்பங்களில் இன்னும் அதிகம். சந்தேகத்துக்குரிய இன்னொருவர் சொந்தக்காரராக இருந்தால் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

மாதிரி உண்மை, லேப் உண்மை, ஆனாலும் நீதிமன்றங்களே உடன்படாது என்பதற்கு நாடே பார்த்த வழக்கு ஒன்று உண்டு. 2008-இல் அரசியல் தலைவர் அன்வார் இப்ராஹிம் மீது போடப்பட்ட ஓரினப்புணர்ச்சி வழக்கு. கோலாலம்பூர் மருத்துவமனையில் எடுத்த மாதிரிகளை விசாரணை அதிகாரி உடனே குளிரில் வைக்காமல், கிமியாவில் ஒப்படைக்கும் வரை ஏறக்குறைய 2 நாள் தன் அலுவலக அலமாரியில் வைத்திருந்தார். குறியிடுவதற்காக வெளிப்பையை வெட்டித் திறந்ததும் விசாரணையில் வந்தது. மாதிரிகளின் தூய்மையை நூற்றுக்கு நூறு நம்ப முடியாது என்று 2012 ஜனவரி 9-ஆம் தேதி உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. அதே சாட்சியத்தை எடைபோட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014 மார்ச்சில் 5 ஆண்டு சிறை என்றது. 2015 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2018-இல் அரச மன்னிப்பு வந்தது. எந்தக் கட்சி என்பதை ஒதுக்கிவைத்துப் பாருங்கள்: கருவியில் வந்த கோடுகளும் புள்ளிகளும் மூன்று நீதிமன்றத்துக்கும் ஒன்றே. சண்டை முழுக்க அலமாரியிலும் பையிலும்.

சவப்பரிசோதனை இதைவிடவும் மனிதக் கையில் இருக்கிறது. 2009 ஜனவரியில் சுபாங் ஜெயா தைப்பான் போலீஸ் நிலையத்தில் காவலில் இருந்த குகன் இறந்ததை நம்மவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். முதல் பரிசோதனை நுரையீரலில் நீர் கோர்த்து மரணம் என்றது. குடும்பம் விடாப்பிடியாக நின்று மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் இரண்டாவது பரிசோதனை செய்ய வைத்தது. அடிபட்டுத் தசை சிதைந்து, அதனால் சிறுநீரகம் செயலிழந்து மரணம் என்று அங்கே வந்தது. ஒரே உடல், சில நாள் இடைவெளி. 2013-இல் உயர்நீதிமன்றம் குடும்பத்துக்கு 8 லட்சம் வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) மேல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. குகன் இறந்த அதே 2009-இல், ஊழல் தடுப்பு ஆணையம் விசாரித்த பிறகு ஷா ஆலமில் இறந்த அரசியல் உதவியாளர் தியோ பெங் ஹோக் விஷயத்தில், மரண விசாரணை முடிவு சொல்லாமல் விட்டது, அரச விசாரணை ஆணையம் தற்கொலை என்றது, 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அடையாளம் தெரியாதவர்களின் சட்டவிரோதச் செயல்களைக் காரணத்தில் சேர்த்தது. சவப்பரிசோதனை அறிக்கையில் அளந்தது எது, ஊகித்தது எது என்று கோடு கிழித்துப் படிக்க வேண்டும். காயத்தின் நீளம் அளந்தது. "விழுந்ததால்" என்பது ஊகம்.

கைரேகையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முழு ரேகைக்கு முழு ரேகை ஒப்பிட்டால் நல்ல முறை. தேர்ச்சி பெற்றவர்களை வைத்து 2011-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில் தவறான பொருத்தம் 0.1 விழுக்காடுதான். ஆனால் 2004-இல் மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் கிடைத்த ஒரு ரேகையை, ஓரிகன் மாநில வக்கீல் ஒருவருடையது என்று எஃப்பிஐ நிபுணர்கள் ஒருவர் பின் ஒருவராக உறுதிசெய்தார்கள். ஸ்பெயின் போலீஸ் அதை ஓர் அல்ஜீரியருடையது என்று கண்டுபிடித்த பிறகுதான் அவரை விட்டார்கள். முதலாமவர் முடிவு தெரிந்தபின் பார்க்கும் இரண்டாமவரின் கண் அதையே தேடும். அதனால் "மூன்று பேர் பார்த்தார்கள்" என்று சொன்னால் தனித்தனியாகப் பார்த்தார்களா என்று கேளுங்கள். மச்சான் வழக்கில் பாக்கெட்டில் ரேகையே எடுக்கவில்லை என்று குறைப்படுகிறீர்கள். நம் நீதிமன்றங்கள் அதைப் பெரிய குறையாக எடுப்பதில்லை. டிவி பார்த்து வளர்ந்த எதிர்பார்ப்பு அது, அதில் தொங்க வேண்டாம்.

முடி ஒப்பீடு, பல்தடம் இரண்டையும் நான் நம்புவதே இல்லை. எஃப்பிஐ தன் நிபுணர்கள் முடியை வைத்துச் சொன்ன பழைய சாட்சியங்களைத் தானே திரும்பிப் பார்த்தபோது, 2015-இல் வெளியான முதல் கணக்கில், குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகப் போன 268 விசாரணைகளில் 257-இல் தவறு.

மச்சானுக்கு மூத்திரச் சோதனையும் "பாசிட்டிவ்" என்றீர்களே, அது பாலாயில் சோதனைக் கீற்று (டெஸ்ட் ஸ்ட்ரிப்) வைத்துப் பார்த்ததா, மருத்துவமனை லேப் உறுதிசெய்ததா? கீற்று என்பது முதல்கட்டச் சல்லடை. கோடீன் கலந்த இருமல் மருந்துகூட அபின் வகைக் கீற்றை மாற்றிவிடும். நம் வீட்டுக் குருமாவில் அரைத்து ஊற்றும் கசகசாவிலும் துளி மோர்ஃபின் உண்டு. இந்தத் தொல்லைக்காகவே அமெரிக்கா 1998-இல் தன் வேலையிடச் சோதனைகளில் அளவுக்கோட்டை மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2,000-க்கு உயர்த்தியது. சியாபுவுக்குக் கசகசா சாக்கு செல்லாது, அதையும் சொல்லிவிடுகிறேன். எப்படியானாலும் மூத்திரத்தில் இருப்பது பயன்படுத்தியதைக் காட்டும், பூட்டில் இருந்ததைத் தெரிந்து வைத்திருந்தார் என்று காட்டாது.

இப்போது செய்ய வேண்டியது. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 51ஏ பிரிவுப்படி, விசாரணை தொடங்கும் முன்பே போலீஸ் புகாரின் நகலும், அரசு தரப்பு காட்டப்போகும் ஆவணங்களும் உங்கள் வக்கீலுக்கு வர வேண்டும். 399-ஆவது பிரிவுப்படி கெமிஸ்ட் ரிப்போர்ட் விசாரணைக்கு 10 முழு நாளுக்கு முன்பே உங்கள் தரப்புக்குக் கிடைக்க வேண்டும். கெமிஸ்ட் நேரில் வர வேண்டுமென்றால் 3 முழு நாளுக்கு முன்பு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் விட்டால் வெறும் காகிதமே சாட்சியாகிவிடும், குறுக்கு விசாரணை செய்ய ஆளே இருக்காது. பல குடும்பங்கள் கோட்டை விடுவது இங்கேதான். வக்கீலிடம் நோட்டீஸ் போனதா என்று இந்த வாரமே கேளுங்கள். போல் 31, ஒப்படைப்புப் படிவம், லேப் ரசீது, ரிப்போர்ட் நான்கையும் ஒரே மேசையில் பரப்பி, பாக்கெட் எண்ணிக்கை, குறி, விவரிப்பு, எடை, தேதி என்று வரிசையாக எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். தனி நிபுணரைப் பிடிக்கப் பெரிய தொகை ஆகும். இந்த வேலை முடிந்து, விளிம்பு எடையோ மாதிரி எடுத்ததில் கோளாறோ தென்பட்டால் மட்டும் அதைப் பற்றி யோசியுங்கள். அதுவரை அந்தப் பணத்தையும் அலைச்சலையும் கார்ச் சொந்தக்காரரைத் தேடுவதற்கும், அந்த வாரம் வண்டியை வேறு யார் எடுத்தார்கள் என்பதற்கான சாட்சிகளைச் சேர்ப்பதற்கும் வைத்துக்கொள்ளுங்கள். கடை, பெட்ரோல் நிலையம் எதிலாவது கேமரா இருந்தால் பழைய பதிவு அழிவதற்குள் போய்க் கேளுங்கள்.